இலை இப்ப எங்க நிக்குது?

ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு, தாய்லாந்துப் பக்கம் வலிக்கு மெல்லும் கிராட்டம் என்ற இலையின் தேநீரைக் குடித்துவிட்டு மணிக்கொரு முறை ரத்தம் கொடுக்க வந்த தன்னார்வலர்களில் அவரும் ஒருவர். யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளை மீசை, கல்யாணத்துக்குப் போகிறவர்போல இஸ்திரி போட்ட சட்டை. மற்றவர்கள் கைபேசியில் மூழ்கியிருக்க, இவர் மட்டும் ரத்தக் குழாயை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார்.

"தங்கச்சி, இலை இப்ப எங்க நிக்குது?"

"குடலைத் தாண்டி லிவருக்கு வந்திருக்கும் அண்ணா. அங்க ஒரு என்சைம் அதை வேற பொருளா மாத்தும். இலையில இருந்ததைவிட அது ஸ்ட்ராங்."

"அப்ப அந்தச் சாமானைச் செய்யிறது நானோ?"

முகத்தில் அப்படியொரு பெருமை. அந்தச் சந்தோஷத்தில், நேற்றிரவு பம்பளிமாஸ் சாப்பிட்டதையும் சொன்னார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கிரேப்ஃப்ரூட் கூடாது என்று எல்லோரிடமும் சொல்லியிருந்தோம். இதுவும் அதே என்சைமைத் தடுக்கும்.

"அது வேற பழமெல்லோ?" என்றார்.

"உங்க என்சைமுக்கு ரெண்டும் ஒண்ணுதான் அண்ணா. உங்க ரிசல்ட்டை இனி சேர்க்க முடியாது. தேநீர் உடம்புல அதிக நேரம் தங்கும், டாக்டர் சொல்ற வரைக்கும் போகாதீங்க."

மாலையில் மருத்துவர் போகலாம் என்றார். அவர் எழவில்லை. சட்டைக் கையை மடித்துக்கொண்டிருந்தார்.

"உங்களுக்குத் தேவையில்லையெண்டாலும் எடுங்கோ. எனக்கு அறியவேணும்."

மருத்துவர் தலையசைத்தார். எடுத்தேன்.

எங்கள் ஆய்வுக் கட்டுரையில் அவர் இல்லை. ஆனால் அதிலிருக்கும் ஒருவர்கூட, இலை எங்கே போகிறது என்று என்னிடம் கேட்டதில்லை.