கம்பி வலைக்குள் என் மச்சான்

என் மனைவியின் தம்பி, மனிதர்களின் கையை முறிப்பதைத் தொழிலாக எடுத்துக்கொண்ட காலத்தில் திருவண்ணாமலையில் அதற்குப் பெயரே கிடையாது. குத்தலாம், உதைக்கலாம், கீழே தள்ளிக் கழுத்தை நெரிக்கலாம். சென்னையில் இதை எம்.எம்.ஏ. என்றார்கள். எங்கள் வீட்டில், "தம்பி விளையாடப் போயிருக்கான்" என்றார்கள்.

நான் அவனுக்குத் துணையாக, துண்டும் தண்ணீர் பாட்டிலுமாக ஓரத்தில் நிற்பவன். கல்லூரி நூலகருக்கு வன்முறையில் கிடைக்கக்கூடிய அதிகபட்சப் பதவி அது. துண்டை உள்ளே எறிந்தால் ஆட்டம் நின்றுவிடும். எங்கள் ஆள் தோற்றதாக அர்த்தம். அந்தக் காலத்தில் நான் எறிந்ததே இல்லை. வீட்டுக்குப் போய்ச் சோறு சாப்பிட வேண்டுமே.

அந்தப் போட்டியை மாட வீதிக் கல்யாண மண்டபம் ஒன்றில், தீபத் திருவிழாக் கூட்டத்தை நம்பிக் காலையிலேயே வைத்திருந்தார்கள். மணமேடை இருக்கவேண்டிய இடத்தில், கோழிப்பண்ணைக்கு அடிக்கும் கம்பி வலையால் ஒரு கூண்டு. எதிராளி அடி அண்ணாமலையைச் சேர்ந்த பால்காரர். முதல் சுற்றில் மச்சானின் முழங்கை அவர் புருவத்தைக் கிழித்தது. அவர் முழங்கால் மச்சானின் மூக்கில் ஏறியது. எலும்பு உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது. மச்சானுக்குக் கேட்டதாகத் தெரியவில்லை. வாயில் இறங்கிய ரத்தத்தைத் துப்பிவிட்டுச் சிரித்தான்.

இரண்டாவது சுற்றில் பால்காரரைக் கீழே சாய்த்து, அவர் வலது கையைத் தன் தொடைகளுக்கு நடுவே இறுக்கி, முழங்கையைப் பின்பக்கமாக வளைக்கத் தொடங்கினான். இந்தப் பிடியில் மாட்டியவர் எதிராளியின் உடம்பைத் தட்டினால் தோல்வியை ஒப்புக்கொண்டதாகக் கணக்கு. உடனே விட்டுவிட வேண்டும்.

அந்த நேரம் பார்த்து வெளியே சாமி வந்தது. மேளம், நாதஸ்வரம், "அண்ணாமலையாருக்கு அரோகரா!" மண்டபம் மொத்தமும் வாசல் பக்கம் திரும்பிக் கன்னத்தில் போட்டுக்கொண்டது. நடுவரும்தான். ஓய்வு பெற்ற பி.டி. மாஸ்டர், கண்ணை மூடி, விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, பக்தியோடு.

நான் மட்டும் திரும்பவில்லை. பல வருடங்களாக நாத்திகம் பேசிச் சம்பாதித்த ஒரே பலன், அதைப் பார்த்ததுதான். பால்காரர் இடது கையால் மச்சானின் தொடையில் மூன்று முறை தட்டினார். வலை வழியாக என்னையே பார்த்துக்கொண்டு தட்டினார். மச்சானும் என்னைப் பார்த்தான். துண்டு என் கையில் இருந்தது.

முழங்கை போகக்கூடாத பக்கம் போனது. பச்சை மரக்கிளை முறிவது போல ஒரு சத்தம். அவர் போட்ட அலறலை நாதஸ்வரம் விழுங்கிவிட்டது.

சாப்பாட்டுக் கூடத்தில் விசாரணை. தட்டியது தெரிந்தும் மச்சான் விடவில்லை என்று ஆனால், இனி எந்தக் கூண்டுக்குள்ளும் அவனை ஏற்றமாட்டார்கள். பால்காரர் தொங்கும் கையை வேட்டித் துணியில் கட்டிக்கொண்டு, இலை போடும் மேசையில் சாய்ந்திருந்தார்.

"இவரு பாத்தாரு சார். என் மூஞ்சியவே பாத்துனு இருந்தாரு."

"தட்டியிருந்தா நான் விட்டிருக்க மாட்டனா?" என்றான் மச்சான், மூக்கில் பஞ்சோடு.

மாஸ்டர் என் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க சார். பாத்தீங்களா?"

"நான் சாமி கும்புட்டுனு இருந்தேங்க" என்றேன். சாட்சிக்கு இன்னொரு முறை இருக்கட்டும் என்று கன்னத்தில் வேறு போட்டுக்கொண்டேன்.

"சாமி விஷயத்துல யாருங்க பொய் சொல்லுவாங்க" என்று மாஸ்டர் விசாரணைக் காகிதத்தை மடித்தார்.

வீட்டில் என் மனைவி கேட்டாள்: "நீங்க? சாமி கும்புட்டீங்க?" என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு என் தோளிலிருந்த துண்டை உருவித் துவைக்கப் போட்டாள்.

மச்சான் பேர் வாங்கினான். வேலூரில் ஒரு கை, சென்னையில் ஒரு கை; இரண்டும் எதிராளி தட்டிய பிறகு, தெரிந்தே செய்தான் என்று யாரும் நிரூபிக்க முடியாதபடி அரை மூச்சு தாமதமாக. போனில் வீடியோ பார்த்து அவனைத் திட்டாதவர்கள் கம்மி. திட்டியவர்களேதான் டிக்கெட் வாங்கி வந்தார்கள், அவன் கை முறிவதைப் பார்க்க.

அது கிட்டத்தட்ட நடந்தது. போன வருடம் ஒரு இளவட்டம் அவனை அதே பிடியில் மடக்கியது. முழங்கை மெல்ல மெல்லத் தப்பான பக்கம் வளைந்தது. மச்சான் தட்டவில்லை. இடது கையை முஷ்டியாக மூடிக்கொண்டு, வலை வழியாக என்னையே பார்த்தான். நான் துண்டை எறிந்தேன். அது மச்சான் முகத்திலேயே விழுந்தது. அந்தப் பையன் அதே நொடியில் பிடியை விட்டுவிட்டான்.

அறைக்கு வந்ததும் மச்சான் கேட்டான்: "நான் தட்டல மாமா. எதுக்கு எறிஞ்சீங்க?"

"கை போயிருக்கும்டா."

"போவட்டுமே. அன்னிக்கு அந்தாளு தட்டும்போது உங்க கையில துண்டு இல்லியா?"

இருந்தது. என் மனைவி துவைத்து மடித்துத் தரும் அதே துண்டுதான். மச்சான் நல்ல கையை நீட்டினான், உதட்டு ரத்தத்தைத் துடைக்க. எடுத்துக் கொடுத்தேன்.