புகைக்கு ஒரு வழி

என் தங்கை குழந்தையில் வந்த காசநோயை வென்றாள். மருத்துவர் கைவிரித்த பிறகும் வென்றாள். பொம்பளைக்குக் கத்தி எதற்கு என்று கேட்ட இறைச்சிக் கடைக்காரரிடம் பதினாறு வருடம் கத்தி பிடித்தாள். ஒருமுறை லாரிக்கு அடியில் போய், சைக்கிளை அங்கேயே விட்டுவிட்டு அவள் மட்டும் வெளியே வந்தாள். இவற்றுக்கெல்லாம் நான் சாட்சி. ஆனால் புகையை அவள் எப்படி வென்றாள் என்பது இன்றுவரை எனக்குச் சரியாகப் புரியவில்லை. பார்த்ததைப் பார்த்தபடி எழுதுகிறேன்.

அந்த இறைச்சிக் கடையை மூடியபோது அவளுக்கு நாற்பத்திரண்டு வயது. உப்பிட்ட இறைச்சியைப் புகையில் பதப்படுத்தி விற்கப்போவதாகச் சொல்லி, எங்கள் கொல்லையில் புகை அறை கட்டினாள். ஆளுயரச் செங்கல் சுவர், தகரக் கூரை, உள்ளே இறைச்சியைத் தொங்கவிட இரண்டு கம்பிகள். ஆறடி தள்ளி அடுப்புக் குழி. அங்கிருந்து மண்ணுக்கடியில் பதித்த குழாய் வழியாகப் புகை அறைக்குள் வரும். முதல் இறைச்சி தேன் நிறத்தில் வந்தது. ஆனால் கதவிடுக்கில் கசிந்த புகை நேராகப் பக்கத்து வீட்டுத் துணிக்கொடிக்குப் போனது.

"உன் தங்கச்சி கறியத்தான் புகை போடுறாளா, என் புடவையையுமா?" என்று பக்கத்து வீட்டம்மா மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்துக் கேட்டார்.

அவர் எழுதிப் போட்ட புகாருக்குச் சுகாதார ஆய்வாளர் வந்தார். பதினைந்து நாளில் புகையைச் சரிசெய்ய வேண்டும், இல்லாவிட்டால் அறையை இடிக்க வேண்டும் என்றார்.

நான் தையல்காரி. ஒரு நூல் பிசகினாலும் பிரித்துத் தைப்பேன். மூன்று நாள் உட்கார்ந்து, களிமண் குழைத்து, சுவர், கதவு, கூரை என்று ஒவ்வொரு இடுக்காகப் பூசினேன். எறும்பு நுழைய இடமில்லை. புகை உள்ளேயே இருந்தால் இறைச்சிக்கும் நல்லது, புடவைக்கும் நல்லது என்று கணக்குப் போட்டேன்.

அடுத்த இறைச்சி கரிபோலக் கறுத்து, வியர்த்து, வேப்பங்காயாகக் கசந்தது. வெளியேற வழியில்லாத புகை அடுப்புக் குழி வழியாகவே திரும்பி வந்து தெருவரை போனது. அடைக்க அடைக்க எப்படி அதிகமாகும்? உப்பைக் குறைத்தோம். கட்டையை வெயிலில் காயவைத்து எரித்தோம். இறைச்சியை ஒருநாள் கூடுதலாக உலர்த்தினோம். கசப்பு மட்டும் போகவில்லை. தினமும் காலையில் நான் புதிய விரிசல் தேடிப் பூசினேன்.

பதின்மூன்றாம் நாள் தங்கை ஒவ்வொரு துண்டிலும் ஓரம் கிள்ளித் தின்று பார்த்தாள். மேல் மூலையில் தொங்கிய ஒன்றைத் தின்றவள் திரும்பவும் கிள்ளினாள்.

"அக்கா, நீ பூசாம விட்ட இடம் ஏதாவது இருக்கா?"

"ஒண்ணும் கிடையாது. என்னைப் பத்தி என்ன நினைச்சே?"

"கோவப்படாதே. இந்தத் துண்டு மட்டும் நல்லாயிருக்கு."

மேலே பார்த்தேன். கூரையின் மூலையில் ஒரு விரல் நீளத்துக்கு வெளிச்சம் தெரிந்தது. இத்தனை நாளும் கம்பியும் இறைச்சியும் மறைத்த இடம். அவமானமாக இருந்தது. களிமண் எடுக்கப் போனேன்.

"அய்யோ, அதைத் தொடாதே!" என்று அவள் என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். "புகைக்கு வெளிய போற வழி வேணும்க்கா. நின்னாத்தான் கெட்டுப்போகுது."

"போனா திரும்ப அந்தம்மா புடவைதானே?"

"உயரமாப் போனா கொடிக்கு மேல போயிடும்ல."

பதினைந்தாம் நாள் காலை கூரையை வெட்டி, எட்டடி உயரத்துக்குத் தகரக் குழாய் நிறுத்தினாள். அடுப்பு எரியும்போதே குழாய் சாய்ந்தது. இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்தாள், விடவில்லை. நான் கம்பி கட்டி முடிப்பதற்குள் இரண்டு கட்டைவிரலும் கொப்பளித்துவிட்டன. ஆனால் புகை மெல்லிய நீலமாக, குழாய் நுனியிலிருந்து கொடிக்கு மேலே போய்க் கரைந்தது. பக்கத்து வீட்டம்மா புடவையை முகர்ந்து பார்த்து, திரும்பவும் கொடியில் போட்டுவிட்டு உள்ளே போனார்.

மாலையில் ஆய்வாளர் வந்தார். குழாயை நிமிர்ந்து பார்த்தார், மதிலோரம் நின்று மூக்கை உறிஞ்சினார், புகை சரியாகிவிட்டது என்ற படிவத்தை நீட்டினார். நோய் அவளைப் பள்ளிக்கூடம் போக விடவில்லை, எங்கேயும் கைநாட்டுதான். மை தடவி அழுத்தினாள். கொப்புளத்தில் மை சேறு மாதிரி அப்பிக்கொண்டது.

"ரேகையே விழலையேம்மா. இன்னொரு கை?"

காட்டினாள். அவர் முகம் சுளித்தார். "இன்னைக்குத்தான் கடைசி நாள். நாளைக்குன்னா இடிக்கச் சொல்லித்தான் எழுதணும். கையெழுத்துப் போடத் தெரியுமா?"

"எழுத்து எப்படி இருக்கும்னு காட்டினா, கறி வெட்டுற மாதிரி போட்டுடுவேன் சார்," என்றாள்.

நான் தையல் சாக்பீஸை எடுத்து, புகை படிந்து கறுத்த கதவில் அவள் பெயரைப் பெரிதாக எழுதினேன். அவள் பேனாவை ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவில் செருகிக்கொண்டாள். கதவைப் பார்ப்பாள், ஒரு கோடு இழுப்பாள், மறுபடி பார்ப்பாள். நடுவில் ஒரு எழுத்துக்குக் கால் விட்டுப்போனது. திரும்பி வந்து போட்டாள்.

"அவசரமில்லம்மா," என்றார் ஆய்வாளர், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே.

அவள் தலையை நிமிர்த்தவில்லை. கடைசி எழுத்து கட்டத்துக்கு வெளியே இறங்கியது. அவர் அதன் கீழே முத்திரை குத்தி, தேதியைப் போட்டார்: 2011, ஆகஸ்ட் 17, புதன்கிழமை.