அரை மில்லிமீட்டர் ரோசன்னா

இன்னிக்கு ஆஸ்திரேலியாவுல நம்ம வொலொங்காங் ஊர்ல ரோசன்னா பெலினியைப் பார்த்தேன். வீட்டுக்கு வந்து ஷூவைக்கூடக் கழட்டலை, எழுத உக்காந்துட்டேன்.

ஸ்கேன் எடுக்கற இடத்துக்குள்ள நான் போனப்போ அவங்க ஒரு கையில கறி அடைச்ச மீட் பை பலகாரம், இன்னொரு கை மவுஸ்ல. திரையில யாரோட மூளையோ சினிமா மாதிரி ஓடுது. "நல்ல பிள்ளை… நல்ல பிள்ளை… அடப்பாவி, தும்மிட்டியே!"

மூளை வேலை செய்யறதை எம்.ஆர்.ஐ.ல எடுப்பாங்க இல்லியா, அந்தப் படம் தேறுமா தேறாதான்னு பார்க்கறதுதான் ரோசன்னா வேலை. தலை அரை மில்லிமீட்டர் நகர்ந்தாப் போதும், மூளையோட ஓரம் பூரா சும்மாவே வெளிச்சம் காட்டும். பல்லுல கம்பி இருந்தா அந்தப் பக்கம் ஓட்டை விழுந்தாப்ல கறுத்துடும். "படம் பொய் சொல்லும் கண்ணு, கூச்சமே இல்லாம சொல்லும்"ங்கறாங்க.

அவங்களைப் படுத்தி எடுத்தவர் மெர்வ். இரும்பு ஆலையில கிரேன் ஓட்டினவர், பக்கவாதத்துல பேச்சுப் போயிடுச்சு. மெஷினுக்குள்ள ஒரு பொருளைக் காட்டுவாங்க, பேரை மனசுக்குள்ள மட்டும் சொல்லணும். ரெண்டு தடவையும் அவர் படம் தேறலை. மூணாவதும் போச்சுன்னா, பேச்சுப் போனவங்களை வெச்சு நடத்தற இந்த ஆய்வுல இருந்து அவரை எடுத்துடுவாங்க. ஆய்வுல இருந்தாத்தான் பேச்சுப் பயிற்சி.

"ஒரே ஒரு தடவை கண்ணை மூடிக்கிட்டு தேத்தி விடேன்மா"ன்னு அவர் சம்சாரம் நோலீன் கெஞ்சியிருக்காங்க.

"என்னைப் பெத்தவ மூளையா இருந்தாலும் மாட்டேன், நோலீன்."

சொல்லிட்டாங்களே தவிர மனசு கேக்கலை. 'நெளியறார்'னு தானே எழுதிக் கழிச்ச படத்தை மறுபடி மறுபடி ஓட்டியிருக்காங்க. அப்பதான் கண்ணுல பட்டிருக்கு. பொருளைக் காட்டினதும் மட்டும்தான் தலை ஆடுது, மத்த நேரமெல்லாம் கல்லு மாதிரி கிடக்கறார். தாடை அசையுது! மனுஷன் நெளியலைங்க, வாய்விட்டுப் பேசப் பார்க்கறார்!

அதனால இன்னிக்கு முறையை மாத்திட்டாங்க. பொருளைக் காட்டினதும் மெஷின் கொஞ்சம் சும்மா இருக்கும். அந்த நேரத்துல மெர்வ் சத்தமாவே சொல்லலாம். மூளையில ரத்தம் மெதுவாத்தான் ஏறும், அதனால அப்புறம் எடுத்தாலும் சிக்கிடும்.

மெர்வ் மெஷினுக்குள்ள. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ரோசன்னா, நோலீன், நான் மூணு பேரும் மூச்சை அடக்கிக்கிட்டு நிக்கறோம். தலை அசைவைக் காட்டற கோடு தரையோட தரையாப் போகுது, தலை ஆடவே இல்லை. மீன் படம் வந்துச்சு. மெஷின் நின்னுச்சு. ரோசன்னா மட்டும்தான் ஹெட்போன் போட்டிருந்தாங்க. அவங்க முகம் மாறுனதை நான் பார்த்தேன்.

"என்னமா, என்ன சொல்றான்?"னு நோலீன் கேட்டாங்க.

"மீனுங்கறார்."

"என்ன மீனுன்னு கேளு! எவ்ளோ பெருசுன்னும் சொல்லுவான், நம்பிடாதே"ன்னு சிரிக்க ஆரம்பிச்ச நோலீன், கண்ணாடியில முகத்தை ஒட்டிக்கிட்டு உள்ள பார்த்தாங்க.

ரோசன்னா ஹெட்போனைக் கழட்டினாங்க. நோலீன் முடியை ரெண்டு பக்கமும் மெதுவா ஒதுக்கி, அவங்க காதுல மாட்டி விட்டாங்க.

பேச்சுப் போனவங்க உங்களுக்குத் தெரிஞ்ச வீட்டுல யாராவது இருந்தா இதை அங்க அனுப்புங்க. முடிஞ்சா நேர்ல போய்க் கொஞ்ச நேரம் அவங்க பக்கத்துல உக்காந்துட்டு வாங்க.