வெற்றுப் படிவத்தில் போட்ட ஒன்பது கையெழுத்து

இதை எழுத ஏழெட்டு வருஷமாகத் தயங்கினேன். விளக்கேற்றிவிட்டு நோட்டைத் திறப்பேன். பக்கத்தில் உட்கார்ந்து பஜனை பாடிய மனிதரைப் பற்றிக் குறை எழுதுவது பாவமில்லையா என்று தோன்றும், மூடி வைத்துவிடுவேன். போன மாதம் எங்கள் குடியிருப்பு சொசைட்டியில் ஒரு பெண்மணி, அலுவலகத்தில் பதினோரு வருஷமாக ஒரே நாற்காலியில் இருப்பவர், “எங்க சார் பார்த்துச் செய்வார் அண்ணா” என்று சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அந்தக் கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

நான் படித்தது பத்தாம் வகுப்பும் ஐ.டி.ஐ. டர்னரும். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். முருகன் துணை.

1. நம்ம ஆளு

தொண்ணூறுகளின் ஆரம்பத்தில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து புனே வந்தேன். புனேயை ஒட்டிய சிஞ்ச்வட்டில் வண்டிகளுக்கு ஷாஃப்ட் செய்யும் கம்பெனி. முதல் நாள் ஷாப் ஃப்ளோரில் என்னைச் சுற்றி எல்லாரும் மராத்தியில் பேசினார்கள். எனக்கு இந்தியே தெரியாது. என்ன மிஷின், என்ன வேலை என்று விளங்காமல் லேத் பக்கத்தில் நின்றபோது தமிழில் ஒரு குரல் கேட்டது.

“என்ன ஸ்வாமி, நெத்தியில திருநீறு பளபளன்னு இருக்கு? எந்த ஊர்?”

அவர்தான் புரொடக்‌ஷன் மேனேஜர். உண்மைப் பெயர் வேண்டாம், சுந்தரம் சார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்பா காலத்திலேயே புனேயில் குடியேறிய குடும்பம். தமிழும் இந்தியும் மராத்தியும் கலந்து பேசுவார். வெள்ளிக்கிழமைதோறும் எங்கள் தமிழ் ஆட்கள் கூடும் பஜனைக்கு அவர்தான் தலைவர். குரல் நன்றாக இருக்கும். அந்த வெள்ளிக்கிழமையே என்னை அழைத்துப் போய்த் தன் பக்கத்தில் உட்கார வைத்தார். தெய்வமே ஆள் அனுப்பியது என்று நினைத்தேன்.

2. கீழே கையெழுத்துப் போடு

எங்கள் கம்பெனியில் வருஷத்துக்கு ஒரு முறை ஒவ்வொரு ஆபரேட்டருக்கும் அப்ரைசல் ஃபாரம் தருவார்கள். நாலு பக்கம், எல்லாம் ஆங்கிலம். இந்த வருஷம் என்ன செய்தாய், என்ன கற்றுக்கொண்டாய் என்று தொழிலாளியே எழுத வேண்டும். கடைசிப் பக்கத்தில், அடுத்து என்ன ஆக விரும்புகிறாய் என்று ஒரு கட்டம். முதல் வருஷம் அதைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தேன்.

சுந்தரம் சார் சிரித்தார். “அரே ஸ்வாமி, உனக்கு எதுக்கு இந்த ஜஞ்சட், தொல்லை எல்லாம்? கீழ சைன் போட்டுக் கொடு. நான் ஃபில் பண்ணிக்கறேன். நம்ம ஆளை நான் விட்டுடுவேனா?”

போட்டேன். சந்தோஷமாகப் போட்டேன். நம்மைப் பற்றி நாமே பெருமை எழுதுவது தப்பு என்றுதான் எங்கள் வீட்டில் வளர்த்தார்கள். அந்தத் தப்பிலிருந்து சார் காப்பாற்றிவிட்டார் என்று அன்று சாமிக்கு ஒரு தேங்காய் கூட உடைத்தேன்.

என் மனைவி செல்வி எட்டாவதுதான் படித்தவள். அவள் அப்போதே கேட்டாள்: “எழுதாத தாள்ல எப்படிக் கையெழுத்துப் போட்டிய?”

“சார் நம்மாளு. சாமி கும்பிடுத மனுசன்.”

“சாமி கும்பிடட்டும். தாளை நிரப்பிட்டு ஒரு வாட்டி காட்டச் சொல்லலாம்லா?”

கேட்கவில்லை. அந்த வருஷமும் கேட்கவில்லை, அதற்கு அடுத்து வந்த எட்டு வருஷமும் கேட்கவில்லை.

இதற்கு நடுவில் கம்ப்யூட்டரில் ஓடும் சி.என்.சி. மிஷின்கள் வந்தன. ஆபரேட்டர் பட்டன் அமுக்கி ஓட்டுவார். செட்டர்தான் கடைய வேண்டிய ஜாப்பை மிஷினில் அமைத்து, டூல் எவ்வளவு தள்ளி வெட்டவேண்டும் என்ற ஆஃப்செட் எல்லாம் சரிபார்த்து, ஃபர்ஸ்ட் பீஸ் எடுத்துக் கொடுப்பார். நான் பெயருக்கு ஆபரேட்டர். ஆனால் ஐந்தாம் நம்பர் மிஷினில் அளவு தப்பி ரிஜெக்‌ஷன் ஏறினால் கூப்பிடுவது என்னைத்தான். ஜாப்பைக் கவ்வும் சாஃப்ட் ஜாவை அளவுக்குக் குடைய நான், டூல் உடைந்தால் மறுபடி செட் பண்ண நான். செட்டர் வேலையைச் செய்தேன், ஆபரேட்டர் பெயரில் இருந்தேன். அதைச் சொன்னால், “கடவுள் பாத்துண்டிருக்கார் ஸ்வாமி” என்பார் சார். நானும் தலையாட்டுவேன்.

3. ஷைலா தாயி திறந்த ஃபைல்

பெங்களூரில் அந்த மிஷின்களைச் செய்யும் கம்பெனியே நடத்தும் புரோகிராமிங் டிரெய்னிங்குக்கு எங்கள் ஃபேக்டரியிலிருந்து மூன்று பேரை அனுப்பினார்கள். போய் வந்தால் செட்டர் பதவி. நோட்டீஸ் போர்டில் பார்த்தேன். என் பெயர் இல்லை. எனக்கு நாலு வருஷம் பின்னால் சேர்ந்த பாட்டீல் பெயர் இருந்தது. பாவம், அவன் முகம் தொங்கிப் போய் வந்தான். “அண்ணா, உங்க பேர்தான் முதல்ல இருக்கும்னு நெனச்சேன்” என்று இந்தியில் சொன்னான்.

பர்சனல் டிபார்ட்மெண்டுக்குப் போனேன். அங்கே கிளார்க்காக இருந்தவர் ஷைலா தாயி. மராத்தியில் தாயி என்றால் அக்கா. நான் கேட்டதும் என்னை விநோதமாகப் பார்த்தார்.

“நீங்கதான் வேண்டாம்னு எழுதியிருக்கீங்களே அண்ணா?”

அவர் பேசியது இந்தியில். தமிழில் எழுதுகிறேன்.

“நானா?”

ஃபைலை எடுத்து மேசையில் வைத்தார். ஒன்பது ஃபாரம். ஒவ்வொன்றின் கடைசிப் பக்கத்தையும் திருப்பித் திருப்பிப் படித்துக் காட்டினார். ஒன்பதிலும் ஏறக்குறைய ஒரே வாசகம்: தற்போதைய வேலையிலேயே திருப்தியாக இருக்கிறேன். குடும்பமும் பூஜையும் இருப்பதால் வேறு பொறுப்பு ஏற்க விருப்பமில்லை. வெளியூர்ப் பயிற்சிக்குப் போக இயலாது.

பூஜை என்று எழுதியிருந்தது. என் முருகனையே சார் காரணமாகக் காட்டியிருந்தார். கீழே என் கையெழுத்து, வளைவு சுழியெல்லாம் சரியாக.

“எங்களுக்கெல்லாம் உங்களுக்கு ஆசையே கிடையாதுன்னு நெனப்பு” என்றார் ஷைலா தாயி. “உங்களைப் பெரிய சந்நியாசின்னு பேசிக்குவோம்.”

எனக்கு மூன்று பிள்ளைகள். நான் சந்நியாசியாம்! அந்த அறையில் எனக்குக் கண்ணீர் வரவில்லை. அடிக்கிற கோபம். சுந்தரம் சாரை அடிப்பதா, என்னை அடிப்பதா என்றுதான் தெரியவில்லை.

4. சுண்டல் கையில் இருக்கும்போது

வெள்ளிக்கிழமை பஜனை முடிந்து தீபாராதனை ஆயிற்று. சுண்டல் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். சார் ஓரமாக நின்றார். போய்க் கேட்டேன்.

“ஃபைலைப் பார்த்தேன் சார்.”

அவருக்கு உடனே புரிந்துவிட்டது. “ஸ்வாமி, ஆபீஸ் விஷயத்தை சந்நிதியில பேசப்படாது.”

“சந்நிதி பேரைச் சொல்லித்தான சார் ஒம்பது வருசம் எழுதியிருக்கிய? பூசை இருக்கு, வரமாட்டான்னு. அப்ப இங்கதான் பேசணும்.”

நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். சார் என் தோளில் கை போட்டு வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போனார். குரலைத் தாழ்த்தினார்.

“ஃபுகட்ல, சும்மா சும்மா டென்ஷன் ஆகாதே. நீ செட்டர் ஆயிட்டா மேனேஜ்மெண்ட் உன்னை வேற லைனுக்குப் போட்டுடும். அஞ்சாம் நம்பர் மிஷினை அப்புறம் யாரு பாப்பா? பாட்டீல் பாப்பானா? என் டிபார்ட்மெண்ட் படுத்துடும்யா. உன் மேல இருக்கற நம்பிக்கைலதான் அப்படிச் செஞ்சேன்.”

நம்பிக்கையாம். வேலை தெரியாதவன் மேலே போகலாம், தெரிந்தவன் அங்கேயே கிடக்க வேண்டும். அதற்கு அவர் வைத்த பெயர் நம்பிக்கை. இருபது வருஷம் ஆகப்போகிறது, இப்போது எழுதும்போதும் பல்லைக் கடிக்கிறேன்.

“என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா சார்?”

“கேட்டா நீ சரின்னுதானே சொல்லியிருப்பே?”

இதுதான் என்னை அதிகம் சுட்டது. ஏனென்றால் அது உண்மை. சரி என்றுதான் சொல்லியிருப்பேன்.

5. மூன்று வரி

வீட்டுக்கு வந்து முருகன் படத்துக்கு முன்னால் உட்கார்ந்தேன். நீ பார்த்துக்கொள்வாய் என்று இருந்தேனே என்று கேட்டேன். செல்வி அடுக்களையிலிருந்து வந்தாள். அவளுக்கு என் மேல் இரக்கமும் இருந்தது, எரிச்சலும் இருந்தது.

“கும்புடுததுக்கு ரெண்டு கை வேணும், சரி. எழுத ஒரு கை போதும்லா? அந்தக் கையத் தூக்கி அவர்ட்ட குடுத்துட்டு இப்பச் சாமியக் கேட்டா அது என்ன செய்யும்?”

அடுத்த ஃபாரம் வந்தபோது சார் பேனாவை நீட்டினார். நான் ஃபாரத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். “ஓஹோ! இனிமே ஸ்வாமி இங்கிலீஷ்லயே அருள்வாக்கு சொல்லப் போறாரா?” என்றார். பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

செய்த வேலைகளை முதலில் தமிழில் எழுதி, பிறகு தெரிந்த ஆங்கிலத்தில் மாற்றினேன். எந்த மிஷின், என்ன கோளாறு, என்ன செய்தேன், ரிஜெக்‌ஷன் எப்படி நின்றது. எழுதிப் பார்த்தால் இடம் போதவில்லை, தனித்தாள் சேர்த்தேன். கடைசிக் கட்டத்தில் என் உடைந்த ஆங்கிலத்தில் மூன்றே வரி: செட்டர் ஆக வேண்டும். புரோகிராமிங் படிக்க வேண்டும். வெளியூர் போவேன். ஷைலா தாயியிடம் நேரில் கொடுத்து, ஒரு ஜெராக்ஸ் எடுத்து அதில் கம்பெனி சீல் வாங்கிக்கொண்டேன்.

அந்த வருஷம் ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த பேட்ச்சில் பார்க்கலாம் என்றார்கள். நான் காத்துக்கொண்டிருக்கவில்லை. சிஞ்ச்வட்டிலேயே ஒரு மாலை வகுப்பில் சேர்ந்து ஆறு மாதம் புரோகிராமிங் படித்தேன். வெள்ளிக்கிழமையும் வகுப்பு உண்டு, பஜனைக்குப் போக முடியவில்லை. ஸ்வாமிக்கு பக்தி குறைந்துவிட்டது என்று பேசினார்கள். வகுப்பு முடிந்து வீடு திரும்பும் லோக்கல் ரயிலில் நின்றுகொண்டே கவசம் சொல்வேன். அது யாருக்கும் தெரிய வேண்டியதில்லை.

அடுத்த வருஷம் சர்டிஃபிகேட்டையும் சீல் வைத்த ஜெராக்ஸையும் எடுத்துக்கொண்டு, சுந்தரம் சாருக்கும் மேலே இருந்த ஒர்க்ஸ் மேனேஜர் அறைக்கு நானே போனேன். அவர் இரண்டையும் பார்த்தார், பழைய ஒன்பது ஃபாரத்தையும் வரவழைத்துப் பார்த்தார். என் பெயரைப் பட்டியலில் எழுதச் சொன்னார். அந்த பேட்ச்சில் பெங்களூர் போனேன், வந்ததும் செட்டர் ஆனேன். சுந்தரம் சாரை யாரும் ஒரு வார்த்தை கேட்டதாகத் தெரியவில்லை. அதுவும் எனக்கு ஆறவில்லை.

6. ஹடப்சரில் என் கையில் பேனா

சில வருஷம் கழித்து, புனேயின் இன்னொரு பக்கமான ஹடப்சரில் ஒரு கம்பெனிக்கு சூப்பர்வைசராக மாறினேன். முதல் வருஷமே என் கீழிருந்தவர்களின் ஃபாரங்கள் வந்தன. சோலாப்பூர்க்காரர் ஒருவர், என் வயதுதான், என் லைனில் அவரைப் போல் வேலை சுத்தமான ஆள் கிடையாது. தன் ஃபாரத்தை நீட்டினார். நாலு பக்கமும் வெறுமை, கீழே கையெழுத்து மட்டும்.

“நீங்களே எழுதிடுங்க சாஹேப். நீங்க சாமி கும்பிடறவர்.”

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த ஒரு நிமிஷம் என் மனசில் ஓடியது இதுதான்: இவர் மேலே போய்விட்டால் என் லைனை யார் பார்ப்பார்கள்? பேனா கையில் இருந்தது. மூடிகூடத் திறந்திருந்தது. எவ்வளவு சுலபம் என்று அன்றுதான் தெரிந்தது. சுந்தரம் சார் ராட்சசன் இல்லை. இதே மாதிரி ஒரு நிமிஷத்தில் அவர் எழுதினார், அவ்வளவுதான். அதனால் அவரை மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். எழுதாமலும் இருக்கலாம் என்பதும் எனக்கு அன்றுதான் தெரிந்தது.

அந்தக் கையெழுத்தின் மேல் கோடு போட்டு அடித்தேன். புது ஃபாரம் வாங்கிக் கொடுத்தேன். “மராத்தியில் எழுதுங்கள், தப்பில்லை. ஆனால் உங்கள் கையால் எழுதுங்கள். ஜெராக்ஸ் எடுத்து வீட்டில் வையுங்கள்” என்றேன். அவருக்கு என் மேல் வருத்தம், ஆனாலும் எழுதிக் கொடுத்தார். மறு வருஷம் அவர் வேறு லைனுக்கு செட்டராகப் போனார். என் லைன் ஆறு மாதம் திண்டாடியது. திண்டாடட்டும் என்று இருந்தேன்.

நான் கற்றது இவ்வளவுதான். உங்கள் வேலையில் அடுத்து என்ன வேண்டும் என்பதை நீங்களே யோசியுங்கள், நீங்களே எழுதுங்கள், நீங்களே போய்க் கேளுங்கள். வாயைத் திறந்து கேட்பது பேராசை இல்லை, பக்திக்குக் குறைவும் இல்லை.

இதைப் படிப்பவர்கள் உங்களோடு வேலை செய்பவர்களுக்கும் கொடுங்கள். தமிழ் படிக்க வராத பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுங்கள். ஆனால் கோபம் அதிகமாக இருக்கிறதென்று எங்கேயும் குறைக்காதீர்கள், எனக்கு நல்லது செய்வதாக நினைத்து எதையும் சேர்க்காதீர்கள். என் பெயரில் மற்றவர் எழுதியது ஒன்பது வருஷம் போதும். இது நானே எழுதியது. இப்படியே இருக்கட்டும்.