பிளாஸ்திரி ஒட்டிய கணினி

அந்தக் கல்லூரியில் அவருக்கு ‘ரீஸ்டார்ட்’ என்றுதான் பேர். எந்த அறைக்குள் நுழைந்தாலும் அவர் வாயிலிருந்து முதலில் விழும் சொல் அதுதான். கழிப்பறையில் தண்ணீர் வராவிட்டால்கூடப் பசங்கள், "ரீஸ்டார்ட் அண்ணே, இதையும் கொஞ்சம் பாருங்க!" என்று கத்துவார்கள். அவரும் சளைத்தவரில்லை. "மூடித் திறந்து பாத்தீங்களாடா?" என்று கேட்டுவிட்டு, நிற்காமல் போய்க்கொண்டிருப்பார்.

கல்லூரிக் கணினிகளின் இயங்குதளங்களைப் புதுசாக வைத்திருப்பது அவர் வேலை. சொன்னால் ஒரு வரி, செய்தால் முதுகு ஒடியும். ‘புதுப்பிக்கவா?’ என்று திரை கெஞ்சும். வாத்தியார்கள் ஈ ஓட்டுவதுபோல ‘அப்புறம்’ என்பதைத் தட்டிவிடுவார்கள். முதல்வர் அதில் கைதேர்ந்தவர்.

மண் ஆய்வகத்தில் மட்டும் ஒரு கிழட்டுக் கணினி. அதன் இயங்குதளத்தை அதைச் செய்தவர்களே கைகழுவி வெகுகாலமாகிவிட்டது. வைரஸ் புகும் ஓட்டை விழுந்தால் அடைக்க ஆளில்லை. புதுசு போடவும் வழியில்லை, பக்கத்திலிருக்கும் மண் பரிசோதனைக் கருவி அந்தப் பழசோடு மட்டும்தான் பேசும். அதனால் ரீஸ்டார்ட் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கிவிட்டு, சொருகும் துளையின்மேல் காயத்துக்குப் போடும் பிளாஸ்திரியை ஒட்டிவைத்தார். அளவீடுகளை அவரே பென் டிரைவில் எடுத்துப்போய் அனுப்புவார்.

அந்தக் கணினியின் முன்னால் உட்கார்ந்திருந்தது அவருடைய சொந்த அக்கா. தற்காலிக வேலை. நிரந்தரமாக்கும் ஆணை முதல்வரின் மேஜைவரை வந்து, கையெழுத்துக்குக் காத்திருந்தது.

"கம்ப்யூட்டருக்குப் பிளாஸ்திரி போட்ட மொத டாக்டர் நீதான்டா."

"உன் வாய்க்கும் ஒண்ணு மிச்சம் வச்சிருக்கேன்க்கா."

ஒருநாள் ரீஸ்டார்ட்டின் மகளுக்கு உடம்பு நெருப்பாய்க் கொதித்தது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். அன்றைக்குப் பார்த்து மண் ஆய்வகப் பேராசிரியர் அக்காவின் தலைமேல் வந்து நின்றார்: "அளவீடு இப்பவே போகணும்." அக்கா தம்பியை அழைக்கப் போனை எடுத்தாள். அவனே பிள்ளையோடு அல்லாடிக்கொண்டிருப்பான் என்று கீழே வைத்தாள். பிளாஸ்திரியை உரித்தாள். கேபிளைச் சொருகி, அனுப்பி, பிடுங்கி, பழையபடி ஒட்டினாள்.

மறுநாள் காலையில் கல்லூரித் திரைகள் வரிசையாகப் பூட்டிக்கொண்டன. திறந்த ஓட்டை வழியாகப் புகுந்த வைரஸ், ‘அப்புறம்’ தட்டிய கணினிகளை ஒவ்வொன்றாகத் தாவிப் பிடித்திருந்தது. பசங்களின் ஆய்வுகள் போயின. அக்கா வருஷக்கணக்காய் எடுத்த அளவீடுகளும், பேராசிரியரிடம் இருந்த நகலோடு சேர்ந்து போயின.

எங்கே ஆரம்பித்தது என்று தேடிக்கொண்டே ரீஸ்டார்ட் மண் ஆய்வகத்துக்கு வந்து சேர்ந்தார். பிளாஸ்திரியின் ஓரம் பிடிப்பில்லாமல் சுருண்டிருந்தது. அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"ஒரு போன் போட்டிருக்கக் கூடாதா?"

"நீ ஆஸ்பத்திரியில இருந்தடா."

"யார்கிட்டயும் வாயைத் திறக்காத. நான் பாத்துக்கறேன்."

முதல்வர் அறையில் அவர் தரையைப் பார்த்தே சொன்னார்: "எங்க ஆரம்பிச்சதுன்னு தெரியல சார். பல மிஷின்ல புதுப்பிக்கவே இல்ல. உங்களோடதுகூட..."

"பேச்ச மாத்தாத. யாரு மிஷின்?"

"என்னோடது சார்," என்று வாசலிலிருந்து குரல் வந்தது. "நான்தான் சொருகினேன். தம்பி வேணாம்னுதான் சொல்லியிருந்தான்."

அவசரப்படுத்திய பேராசிரியர் ஜன்னலுக்கு வெளியே எதையோ மும்முரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். கையெழுத்து விழவில்லை. இருந்த வேலையும் அன்றோடு போயிற்று.

டிபன் டப்பாவைப் பைக்குள் வைத்தபடி அக்கா கேட்டாள்: "பாப்பாவுக்குக் காய்ச்சல் விட்டுச்சா?"

"விட்டுருச்சுக்கா."

"அப்ப சரி. அழுவாத, பசங்க பாக்கறாங்க."

பசங்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஒருத்தனும் கத்தவில்லை.

அதன்பின் வேறு வழியில்லாமல் அவர் அந்தக் கணினியில் புது இயங்குதளத்தைப் போட்டார். ஒரு குறையுமில்லாமல் ஓடியது. பக்கத்திலிருந்த கருவிதான் அதோடு பேச மறுத்து, விளக்கு மட்டும் எரிய நின்றது. ரீஸ்டார்ட் ஒருமுறை அணைத்துப் போட்டுப் பார்த்தார். பிறகு இன்னொரு முறை.