இடது காலுக்கு வராத சூடு

ஆலோசனைப் பெட்டியில் போடும் எந்த யோசனைக்கும் ஆறு வாரத்துக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும் என்பது எங்கள் தொழிற்சாலையின் விதி.

ஜெர்மனியில் எங்கள் கார்கள் வெளிநாட்டுக் கார்களிடம் தோற்றுக்கொண்டிருந்த காலம் அது. புதிய மாதிரிக் காரில் உட்கார்ந்து கருத்துச் சொல்லும்படி பொறியாளர்களை அழைத்தார்கள். மற்றவர்கள் இருக்கைத் துணியைப் புகழ்ந்தார்கள். நான் வீட்டுப் பழக்கத்தில் ஷூவை வெளியே கழற்றி வைத்துவிட்டு ஏறினேன். துறைத் தலைவர் விழுந்து விழுந்து சிரித்தார். ஆனால் காலுறையோடு உட்கார்ந்ததால்தான் ஒன்று தெரிந்தது. ஹீட்டர் காற்று வலது காலைச் சுட்டது. இடது கால் விறைத்தது. காற்றுக் குழாயை இரண்டு கால் பக்கமும் பிரித்துவிடச் சொல்லி அன்றே எழுதிப் பெட்டியில் போட்டேன். பெட்டியின் சாவி தலைவரிடம் இருந்தது.

ஆறு வாரம் கடந்தும் பதில் இல்லை. ஒரு நாள் வரைபடப் பிரிவிலிருந்த யாழ்ப்பாணத்து நண்பர் ஓடி வந்தார்.

“அண்ணை, உங்கட தலைவர் சப்பாத்தைக் கழட்டிப்போட்டு அந்தக் காருக்குள்ள இருக்கிறார்!”

“ஷூ கடிச்சிருக்கும்.”

“ஓம், ரெண்டு காலிலயும் கடிச்சிருக்கும். போய்க் கேளுங்கோ!”

நான் கேட்கவில்லை. விதியில் அதற்கு இடமில்லை. அதன்பின் தலைவர் என்னைப் பார்த்துச் சிரிப்பதையும் நிறுத்திவிட்டார்.

விற்பனைக்கு வந்த காரில் இரண்டு கால்களுக்கும் சூடு வந்தது. என் யோசனை புதிதல்ல, துறைத் தலைவர் முன்பே சொன்னதுதான் என்ற பதில் எனக்கு வந்தது, பெட்ரோல் தட்டுப்பாட்டால் நாடெங்கும் கார் ஓட்டத் தடை விதித்த முதல் ஞாயிறுக்கு மறுநாள், 1973 நவம்பர் 26.