மலேசியாவிலும் பை சோதித்த அத்தை

"ஊரு பூராம் ஏலக்கா. எந்த வீட்டுக்குப் போனாலும் எனக்கு மட்டும் வெறும் டீ!"

சந்திரவல்லி அத்தை இதைச் சொல்லாத நாள் போடியில் கிடையாது. மூக்கைச் சுருக்கி, 'வெறும்' என்பதை மட்டும் கொஞ்சம் இழுத்தால் அப்படியே அத்தைதான். கல்யாண வீடுகளில் நான் செய்து காட்டினால் முதலில் சிரிப்பவளும் அவள்தான்.

காரணம் அவளுக்கே தெரியும். பூப்பாறைப் பக்கம் ஒரு ஏலத்தோட்டத்தில் அவள் செக்கிங். சாயங்காலம் காய் எடுத்துவிட்டு ஜீப்புக்கு வரும் பெண்களின் பை, தூக்குவாளி, மடி எல்லாவற்றையும் கேட்டில் நின்று பார்த்து அனுப்புவாள். அப்படிப்பட்டவள் படியேறினால் தேவாரத்து வீடானாலும் ராசிங்காபுரத்து வீடானாலும் ஏலக்காய் டப்பா ஓடி ஒளிந்துகொள்ளும். கடையில் காசு கொடுத்து வாங்கிய ஏலக்காயும் சேர்ந்தே ஒளியும்.

என் அம்மா அமுதவள்ளி ஒரு சீசன் அந்தத் தோட்டத்துக்கு வேலைக்குப் போனாள். நாத்தனார்தானே கேட்டில் நிற்கிறாள் என்று முந்தானையில் பச்சைக்காய் முடிந்து வந்தாள்.

"நாலே நாலு காயி, மதினி."

"அப்ப அவுக்கிற சோலியும் கம்மிதான? அவுத்துக் காட்டு."

அம்மா அந்தச் சீசனோடு நின்றுகொண்டாள்.

போன வருஷம் அத்தை மலேசியா போனாள். அவள் மகன் ராஜ்கமலுக்குக் கோலாலம்பூரில் கம்ப்யூட்டர் வேலை. ஊர் சுற்றிக் காட்டத்தான் அவன் கூப்பிட்டான். ஆனால் கிளம்பும்போது மொக்கச்சாமித் தாத்தா ஒரு வேலை கொடுத்துவிட்டார். தாத்தா என்றால் எனக்கு. அத்தைக்கும் என் அப்பா முத்துப்பாண்டிக்கும் அவர் அய்யா, பெற்ற அப்பா. இப்போது கட்டிலை விட்டு அதிகம் இறங்குவதில்லை.

அவருக்கு நினைவு தெரியும் முன்பே அவருடைய அப்பா கோட்டைச்சாமி வெள்ளைக்காரப் பட்டாளத்தில் லாரி ஓட்டப் போனார். மலாயாவில் ஜப்பான்காரனோடு நடந்த சண்டையில் செத்துப்போனார். கூடப் போய்த் திரும்பிய தேவாரத்துக்காரர் ஒருவர், அது இன்ன ரப்பர் தோட்டம் என்று பெயரைச் சொல்லி, செத்தவர்களை ஓடையோரம் ஒரே குழியில் போட்டு மூடியதையும் சொன்னார். தாத்தாவிடம் அப்பாவின் போட்டோகூடக் கிடையாது.

"ஆத்தா, எங்கய்யா கெடக்குற எடத்துல ஒரு பிடி மண்ணு கொண்டா. வேற ஒண்ணும் வேணாம்" என்றார்.

"கொண்டாறேன்யா. வெசனப்படாதீக" என்று அத்தை சொல்லிவிட்டுப் போனாள்.

ராஜ்கமல் பழைய சண்டை நடந்த இடங்களைத் தேடிப் போகிறவர்களின் இணையக் குழு ஒன்றில் சேர்ந்து, அந்தத் தோட்டத்தைக் கண்டுபிடித்துவிட்டான். ரப்பர் போய் எண்ணெய்ப் பனை வந்திருந்தது. ஒரு சீனக் குடும்பத்தின் சொந்த நிலம். கேட்டில் பூட்டு, பக்கத்தில் போர்டு. அதன்பின் நடந்ததை அவனும் சொன்னான், அத்தையும் சொன்னாள். அவன் புலம்பலாகச் சொன்னான். அத்தை டூட்டி ரிப்போர்ட் மாதிரி சொன்னாள். விஷயம் ஒன்றுதான்.

"அம்மா, பின்னால வேலி கிழிஞ்சிருக்காம். பாக்க வர்றவுக எல்லாம் அது வழியாத்தான் போறாக. வெரசா போயிட்டு வந்துரலாம் வா."

"அடுத்தவன் தோட்டத்துக்குள்ள ஓட்டை வழியா நொழையச் சொல்றியா? என்னையவா?"

"ஒன் பாட்டன் செத்த எடம்மா இது!"

"செத்தாருடா. கிரயமா பண்ணாரு?"

சொல்லிவிட்டு கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "யாருங்க தோட்டத்துல?" என்று ஒரு குரல் விட்டாள். மலையில் இந்தச் சரிவிலிருந்து அந்தச் சரிவுக்குக் கேட்கிற குரல். முதலில் நாய் வந்தது. பின்னாலேயே அரை டவுசரும் கையில் அரிவாளுமாக முதலாளி வந்தார்.

ராஜ்கமல் இங்கிலீஷில் விவரம் சொன்னான். அவர் பதிலுக்குப் பெரிய பாட்டாகப் பாடினார். முன்னால் வந்தவர்கள் மெட்டல் டிடெக்டர் வைத்துப் பனை அடியெல்லாம் தோண்டிவிட்டார்களாம். தோட்டா, பெல்ட் பக்கிள் என்று அள்ளிக்கொண்டு போனார்களாம். ஒருத்தன் எலும்பையே எடுத்துப் போனானாம். அதனால், வரலாம், பார்க்கலாம், எவ்வளவு நேரமும் நிற்கலாம், ஒரு கல்லைக்கூட எடுக்கக் கூடாது.

"வரலாங்கிறாரும்மா" என்று ராஜ்கமல் சுருக்கமாக மொழிபெயர்த்தான்.

முதலாளிக்கு அவன் மேல் நம்பிக்கை வரவில்லை. குனிந்து ஒரு கை மண்ணை அள்ளிக் காட்டி, கூடாது என்று தலையை ஆட்டி, கீழே போட்டார். அத்தைக்கு அதற்குமேல் எந்த மொழியும் தேவைப்படவில்லை. சரியென்று தலையை ஆட்டிக்கொண்டாள். ஆனால் முகம் செத்துவிட்டது என்று ராஜ்கமல் சொன்னான். ஊரில் கட்டிலில் ஒருவர் காத்துக்கொண்டிருக்கிறாரே.

ஓடையோரம் போய்ச் செருப்பைக் கழற்றிப் போட்டாள். அடையாளக் கல் ஒன்றும் இல்லை. பனைகளுக்கு நடுவில் தோண்டி மூடிய பள்ளங்கள் மட்டும் தெரிந்தன.

"தாத்தா, மொக்கச்சாமி மக வந்திருக்கேன். ஒங்க மகன் நல்லாருக்காரு" என்று சத்தமாகவே சொன்னாள். பிறகு குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒரு பிடி மண்ணை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தாள். முதலாளி தூரத்தில் நின்றார். கடைசியில் எடுத்த இடத்திலேயே போட்டுவிட்டு எழுந்தாள்.

திரும்பக் கேட்டுக்கு வந்ததும் யாரும் கேட்காமலே பையைக் கவிழ்த்து முதலாளிக்குக் காட்டினாள். அடுத்து மகன் பக்கம் திரும்பினாள்.

"பாக்கெட்ட வெளிய எடு."

"நானுமாம்மா?"

"நீயுந்தான்."

கைக்குட்டை வந்தது. அதில் முடிச்சு. முடிச்சுக்குள் மண்.

"தாத்தாவுக்குத்தாம்மா..."

"எந்த எடத்துல எடுத்த? அங்கனயே போயிக் கொட்டிட்டு வா."

முதலாளி அவன் போய்வரும்வரை கேட்டைத் திறந்தே வைத்திருந்தார்.

அத்தை போடிக்கு வந்ததும் மொக்கச்சாமித் தாத்தா போர்வைக்குள்ளிருந்து கையை நீட்டினார். அத்தை நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். நீட்டிய கை அப்படியே கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு உள்ளே போய்விட்டது.

"ஓடையில தண்ணி ஓடுதா?"

"ஓடுதுய்யா."

என் அப்பாவுக்குத்தான் பொறுக்கவில்லை.

"ஏக்கா, பிளேன் ஏறிப் போயி, பெத்த அப்பன் கேட்ட ஒரு பிடி மண்ணுக்கு வழியில்லையா? அங்கயும் போயிச் செக்கிங்கா? ஒரு பிடி எடுத்தா அந்தாளு தோட்டம் தேஞ்சா போயிரும்?"

அத்தை அப்பாவைப் பார்க்கவில்லை. கட்டிலைப் பார்த்தபடிதான் பதில் சொன்னாள்.

"தோட்டம் தேயாதுடா. அந்தக் குழியில தாத்தா ஒத்தையாளாவா கெடக்காரு? எந்தெந்த ஊர்க்காரன் கெடக்கானோ, யாரு கண்டா? அத்தனை வீட்டுலருந்தும் வந்து ஆளுக்கு ஒரு பிடி அள்ளிட்டுப் போனா, நம்ம அய்யாவோட அய்யா மேல மூடிக் கெடக்க மண்ணு ஏதுடா?"